வண்டிக்குக் காது கேட்கவில்லை

ரிமோட் கார் மோட்டார் கிளப்பும் இரைச்சலை அடக்குவதில், ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி வரை என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பத்து வயதிலேயே கற்றுக்கொண்ட வித்தை. இது பச்சைப் பொய். பத்து வயதில் நான் செய்தது, அடங்கிக் கிடந்த இரைச்சலைக் கிளப்பிவிட்டதுதான். படிப்பும் ஏறவில்லை, பொய்யாவது ஒழுங்காக வருகிறதா என்றால், அதுவும் இரண்டாவது வரியைத் தாண்டுவதில்லை.

அப்பா ஒரு கம்பெனி ஆபீசருக்குக் கார் ஓட்டினார். அந்த ஆபீசர் மகனின் ரிமோட் காரில் ஒரு சக்கரம் கழன்றுவிட, ஒட்டிக் கொண்டுவரச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தார்கள். அப்பா பசை போட்டு ஒட்டி, பீரோ மேல் வைத்தார்.

"காயட்டும். நாளைக்குக் காலையில குடுக்கணும். கை வச்ச, கைய ஒடிச்சிருவேன்."

அப்பா சொன்ன சொல் தவறாதவர்.

மறுநாள் திங்கள் என்பதால் அன்று ஞாயிறு. அப்பாவும் அம்மாவும் பூசைக்குப் போனார்கள். எனக்கு வயிற்றுவலி. அவர்கள் சந்து திரும்பியதும் வலி போய்விட்டது. காரை இறக்கி வாசலில் ஓட்டினேன். சொன்னபடி போனது, ஆனால் கல்யாண ஊர்வலம் மாதிரிப் போனது. எங்கள் சந்து அண்ணன்மார் பைக் சைலன்சருக்குள் இருப்பதைப் பிடுங்கிவிட்டு, "இப்ப பாரு, சும்மா பறக்கும்" என்பார்கள். அது மனதில் வந்தது. அடிமூடியைக் கழற்றினேன். மோட்டாரின் முதுகில் துவரம்பருப்பு போல மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிக்கால். செய்தவன் சாப்பிட்டுக்கொண்டே செய்திருக்கிறான் என்று நினைத்தேன். கட்டிங் பிளேயரால் மூன்றையும் பிடுங்கி சாக்கடையில் போட்டேன்.

மூடியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். ரிமோட் தரையில் இருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் தாமாகவே இடமும் வலமும் வெட்டி இழுத்தன. கழுத்தறுத்த கோழியின் கால் அப்படித்தான் இழுக்கும். எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த, பக்கத்து வாசல் வீட்டுக்காரம்மாவின் ரேடியோ கரகரவென்று அலறியது. வெளியே வந்தவர் ரிமோட்டைத் தொடாமல் நிற்கும் என்னையும், தானே துடிக்கும் வண்டியையும் பார்த்து, "தெவ்வ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குத் தெரிந்த நாலு கன்னட வார்த்தையில் பேய் என்பதற்கான வார்த்தையும் ஒன்று.

நிறுத்தலாம் என்று ரிமோட்டை எடுத்தபோது விரல் பட்டுவிட்டது. வண்டி பாய்ந்தது. விரலை எடுத்தேன், நிற்கவில்லை. பின்னால் இழுத்தேன், இன்னும் முன்னால் போனது. சந்துமுனையில், அக்கா வேலைபார்க்கும் கம்பெனியின் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கிய அக்கா, கம்பெனி நீலக் கோட்டோடு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து வருகிறாள். கம்பெனியில் சர்க்யூட் போர்டுக்குப் பாகங்களைப் பற்றவைக்கும் வேலை அவளுக்கு. துடித்துக்கொண்டிருந்த வண்டியை வெளியே இழுத்து, பேட்டரியைப் பிடுங்கி, மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இங்க மூணு இருந்திருக்கணுமே. எங்கடா?"

"ஒண்ணும் இல்லயேக்கா."

"பொய் சொல்றவன் காலை ஆட்டாம சொல்லணும். எங்க?"

"சாக்கடையில."

அவள் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அது கெப்பாசிட்டர்டா. மோட்டாருக்குள்ள பிரஷ் உரசுற எடத்துல பொறி பறக்கும். அந்தப் பொறி கிளப்புற இரைச்சல்ல நீ ரிமோட்ல சொல்றது வண்டிக்குக் கேக்காது. அத அமுக்கத்தான் அந்த மூணும்."

"அப்ப வண்டிக்குப் பேய் புடிக்கலயா?"

"நீ புடிச்சியே, பத்தாதா?"

சாக்கடையைக் குச்சியால் கிளறினோம். ஒன்றே ஒன்று கிடைத்தது, அதற்கும் கால் இல்லை. மாலையில் அக்கா அப்பாவிடம், "பசை காயலப்பா, இன்னும் ஒரு நாள் கெடக்கட்டும்" என்றாள்.

"முன்ன இருந்த டிரைவர, கதவ ஓங்கிச் சாத்தினான்னு அனுப்பினாரும்மா அந்த மனுஷன். இது ஓடலன்னா அடுத்தது நான்தான்" என்றார் அப்பா. அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். அதுவரை எனக்கு என் கையைப் பற்றி மட்டும்தான் கவலை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வயிறு நிஜமாகவே வலித்தது. சாயங்காலம் அக்கா வந்து டிபன் பாக்ஸைத் திறந்து, ஊறுகாய்க் கிண்ணத்திலிருந்து அதே மாதிரி மூன்று பருப்பை எடுத்தாள்.

"எங்கக்கா வாங்குன?"

"கீழ கெடந்துச்சு. பேசாம இரு."

முனையிலிருந்த டிவி மெக்கானிக்கிடம், பற்றவைக்க சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கி வந்தேன். இரண்டு பருப்பின் ஒரு காலை மோட்டாரின் இரண்டு முனையிலும், மறு காலை அதன் இரும்பு உடம்பிலும் வைத்தாள். மூன்றாவதை இரண்டு முனைக்கும் நடுவில். மோட்டார் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டே நூறு போர்டு பற்றவைப்பேன் என்று பீற்றிக்கொள்பவள். அன்று அயர்னை இரண்டு தடவை கீழே நழுவவிட்டாள். ஷாக் அடிக்கிறது போல என்று நினைத்து நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்தேன். நான் எவ்வளவு பெரிய வீரன் என்பது இதிலேயே தெரியும்.

வண்டி ஓடியது. நில் என்றால் நின்றது. வீட்டுக்காரம்மா ரேடியோவும் ஒழுங்காகப் பாடியது. அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு விசிலடித்துக்கொண்டு வந்தார். என் கை முழுசாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்கா பதினோரு மணிக்கே வந்துவிட்டாள். பஸ்ஸில் அல்ல, நடந்து. மேலே நீலக் கோட்டு இல்லை. நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளறையில் அம்மா அப்பாவிடம் சொல்வது கேட்டது: "கேமராவுல இருக்குதாம். மூணு தடவ கீழ குனிஞ்சாளாம். குப்பைக்குப் போறதத்தான் எடுத்தேன்னு சொல்லியிருக்கா. யாரும் கேக்கலயாம்."

குனிந்தால் வேலை போகுமா? நான் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் பெஞ்சுக்கு அடியில்தான் இருக்கிறேன், என்னை யாரும் அனுப்பவில்லையே என்று தோன்றியது. அடுப்படிக்கு ஓடி, "அக்கா, இனிமே தெனமும் வீட்லயேதான் இருப்பியா?" என்றேன்.

"இருப்பேன்டா" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

சந்தோஷத்தில் நான் ஒரு தோசை கேட்டேன். அவளும் ஊற்றினாள். அன்றைக்கு அவளிடம் நான் கேட்டிருக்க வேண்டியது தோசை இல்லை. கேட்டிருக்க வேண்டியது என்னவென்றால்...

"டேய், எவ்வளவு நேரமா கூப்புடுறேன், காதுல விழலயா? சீக்கிரம் வாடா."

இப்போது கூப்பிடுவதும் அக்காதான். போய்விட்டு வருகிறேன்.