தரை துடைக்கிறவருக்கும் ஊசி

சிஸ்டர் சுருட்டிய சட்டைக்கையை இறக்கிவிட்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்ட நாள் அது. டாக்டர்கள் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நர்சுகள் வரிசையில் நின்றோம். முதலில் உட்கார்ந்த எங்கள் வார்டு சிஸ்டர், யூனிஃபார்ம் கையைச் சுருட்டியபடி சுற்றிப் பார்த்தார். தரை துடைக்கும் அக்காமார் ஒருவரும் வரிசையில் இல்லை.

"அவியளுக்கு எப்போ?" என்று கேட்டார்.

"அவங்க காண்ட்ராக்ட் கம்பெனி ஆளாக்கும் சிஸ்டரே, நம்ம பொறுப்பில்ல" என்றார் மேனேஜர். சிஸ்டர் எழுந்து போய்விட்டார்.

கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்கு இப்பால், நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் ஆஸ்பத்திரி. நானும் சிஸ்டரும் காய்ச்சல் வார்டில் வேலை பார்த்தோம். கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், அலைக்கு மேலே பேசிப் பழகிய குரல். இழுப்பு நோயும் உண்டு. மழை தொடங்கினால் இன்ஹேலர் இல்லாமல் நகரமாட்டார். எங்கள் எல்லாரையும்விட அந்த ஊசி அவருக்குத்தான் அவசியம். ஆனால் நோயாளிகள் இருமித் துப்பியதைத் துடைக்கிற பெண்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் போட்டுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அது வீம்பு என்றார்கள். வீம்பாகவே இருக்கட்டும், எனக்கு அன்றும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகுதான் கூத்து. நர்சுகளாகிய நாங்கள் ஊருக்கெல்லாம் ஊசி குத்துவோம், எங்கள் கைக்கு வந்தால் ஆயிரம் சாக்கு சொல்வோம். கை வலிக்கும், காய்ச்சல் வரும், லீவு கிடைக்காது. எந்தப் புது மருந்தானாலும் மூத்த சிஸ்டர் தன் கையில் போட்டுக்கொள்கிறாரா என்று பார்த்துத்தான் நம்புவோம். "சிஸ்டரே வேண்டாமுண்ணு எந்திச்சு போயிட்டாவ, மருந்துல என்னமோ உண்டு" என்று சாப்பாட்டு அறையில் ஒருத்தி கிளப்பிவிட்டாள். மறுநாள் வரிசையே இல்லை.

டியூட்டி மாறும் நேரத்தில் சிஸ்டர் எங்களைப் பிடித்து நிறுத்தினார். "எட்டி மக்கா, மருந்து நல்ல மருந்தாக்கும். எனக்க சண்டை மேனேஜர்கிட்ட, ஊசிகிட்ட இல்ல. போய் போடுங்க!" போட்டுக்கொண்டோம். அவர் மட்டும் போடவில்லை.

ஊசி போடாத நர்ஸ் வார்டுக்குள் நிற்கக் கூடாது, நோயாளிகளுக்கு ஆபத்து என்று மேனேஜர் வந்து அதட்டினார். வேலை போகும் என்பதையும் சொல்லாமல் விடவில்லை.

"சரி சார், நான் வெளிய நிக்கேன். தரை தொடைக்கியவளும் ஊசி போடல்லல்லா? அவளையும் வெளிய நிறுத்துங்க. வார்டை நீங்க தொடையுங்க."

அன்று மாலையே அக்காமாருக்கு ஊசி வந்தது. கடைசி ஆள் போட்டு முடித்த பிறகுதான் சிஸ்டர் வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியோடு சிஸ்டருக்கு இருந்த வருட ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை.

நான் இப்போது வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். இந்த ஆண்டும் ஊசி வந்திருக்கிறது, இங்கேயும் துடைக்கிறவர்களுக்குக் கிடையாதாம். போடாதவர்கள் வார்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவும் போட்டிருக்கிறார்கள். இன்று காலை நான் ஊசி போட்டுக்கொள்ளாமல், வார்டுக்கு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில், துடைப்பான்களைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இரண்டு அக்காமார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.