நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று

என் வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளை மட்டும்தான். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குங்க, திரைச்சீலையாவது பூப்போட்டதா வாங்குவோமே" என்று மனைவி வருஷாவருஷம் கேட்பாள். நான் எரிந்து விழுவேன். காரணத்தை அவளிடம் சொன்னதில்லை.

இலங்கையில் தமிழர் வீடுகளைத் தேடி எரித்த எண்பத்து மூன்று ஜூலையில், எனக்குப் பத்து வயது. மாத்தளைக்குப் பக்கத்தில் உக்குவளையில் வீதியோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். லொறியில் மிளகு மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அப்பா முன்னறைக் கட்டிலில் கிடந்தார். மாத்தளையில் கடைகள் எரிகின்றன என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்துத் தமிழ்ச் சனம் மேலே கொக்கோ தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு மேடேற எங்களால் ஆகாது.

"நீ புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ" என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா.

"சும்மா கெடங்க. வெளியூர்க்காரனுங்கதான் லொறியில வர்றானுங்களாம். நாம யாருன்னு அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?"

நெற்றிப் பொட்டை அழித்தாள். நிலைப்படி மஞ்சளைத் தேய்த்துக் கழுவினாள். மிச்சமிருந்தது சுவர். தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் அம்மா. லயத்தில் செய்வதுபோல ஒவ்வொரு தீபாவளிக்கும் தமிழ்ப் பத்திரிகைகளின் கலர்ப் பக்கங்களைச் சுவரெல்லாம் ஒட்டுவாள். அப்பாவின் தலைமாட்டில் கலண்டர் முருகன். சாமியைக் கிழிக்க அவளுக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் மூடி மேலே சிங்களப் பேப்பர் ஒட்டிவிடலாம் என்று முடிவெடுத்தாள்.

முன்கடை முஸ்லிம் நானா சாமான் சுற்ற வைத்திருந்த, புத்தர் பண்டிகையான வெசாக்குக்கு வந்த பழைய சிங்களப் பேப்பர்களை அள்ளிக் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் தாமரை, வெசாக் விளக்குக் கூடு, மஞ்சளும் சிவப்புமாய். நான் கோதுமை மாவுப் பசை தடவித் தர, அம்மா ஒட்டினாள். சிங்களம் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. ஒரு பக்கத்தை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தாள். தாமரைகள் ஒன்றையொன்று பார்த்து, சேலைக் கரைபோல வரிசையாய் ஓடின.

"இப்ப எதுக்குடி அலங்காரம்?" என்றார் அப்பா.

"ஒட்டுறதத்தானே ஒட்டுறேன். பார்க்க லட்சணமா இருக்கட்டும்."

எவ்வளவு பயந்தாலும் அவளுக்கு அலங்கோலமாக ஒன்றைச் செய்ய வராது. அந்தச் சுவர் அழகாக இருந்தது.

மறுநாள் காலை லொறி வந்தது. மூன்று பேர் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்கள். கணவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அம்மா சிங்களத்தில் சொன்னாள். இரண்டு பேர் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்றாமவன் இளைஞன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அப்பாவின் தலைமாட்டில் நின்று, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான்.

மஞ்சள் கூடுகளுக்கு நடுவே, மஞ்சளிலேயே வரைந்த சின்னப் புத்தர். தலைகீழாக இருந்ததால் எங்கள் கண்ணுக்கு அதுவும் ஒரு பூவாகத்தான் தெரிந்திருந்தது.

அவன் கத்தவில்லை. நகத்தால் ஓரத்தை நெம்பி, கிழியாமல் மெல்ல உரித்தான். பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு அடியிலிருந்த முருகனும் வந்தார். இரண்டையும் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அப்படியே நேராகத் திருப்பிப் பிடித்து வெளியே போய், "தெமளு!" என்றான், தமிழர்கள் என்று.

மண்ணெண்ணெயோடு மற்றவர்கள் வந்தார்கள். பேப்பர் ஒட்டிய சுவர் எப்படிப் பற்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அப்பாவின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள், நான் காலைப் பிடித்தேன். அவர் வலியில் அலறினார். கட்டிலிலிருந்து இறக்கி நிலைப்படி வரை கொண்டுவந்துவிட்டோம். அதற்குமேல் அம்மாவின் கை ஓய்ந்துவிட்டது.

முற்றத்தில் அந்த இளைஞன் நின்றான். அதுவரை சிங்களத்தில் பேசிய அம்மாவுக்கு அப்போது தமிழ்தான் வந்தது.

"தம்பி, ஒரு கை புடிங்க தம்பி!"

அவன் எங்களைப் பார்த்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. உள்ளே எங்கள் கூரைச் சட்டம் முறிகிற சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். அவனுடைய இரண்டு கைகளிலும் படம் இருந்தது. அதைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.