ஏகமனதான தீர்மானம்

நெட்வொர்க் கருவிகளைப் பற்றிய விவரங்களை எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவத்தில் எழுத வேண்டும். அது எந்த வடிவம் என்று முடிவு செய்யும் குழுவில் நானும் ஒருவன். பாகூர் வீட்டிலிருந்தே இரண்டு வருடம் வீடியோவில் வாதாடினேன். கடைசியில் தலைவர், பரிந்துரையை எழுதி அனுப்பச் சொன்னார். ஆளாளுக்குத் தங்கள் நிறுவனத்தின் வடிவத்திலேயே அனுப்பினோம். ஒருவருடையது இன்னொருவர் கணினியில் திறக்கவில்லை.

"இன்னா, தொறக்கலையா? ஸ்கிரீன போட்டோ புடிச்சி அனுப்பச் சொல்லுங்க," என்றாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி.

சொன்னேன். ஐந்து நிமிடத்தில் எல்லாருடையதையும் எல்லாரும் செல்போனில் படித்துவிட்டோம். அடுத்த கூட்டத்தில், போட்டோ அனுப்புவது குழுவின் கௌரவத்துக்கு இழுக்கு என்று தீர்மானம் வந்தது. நாங்கள் ஏகமனதாக நிறைவேற்றியது அது ஒன்றைத்தான். நானும் கை தூக்கினேன்.