மேலே போனவரை யார் இறக்குவது

யுத்த காலத்தில் நான் மட்டக்களப்பு நகரத்திலுள்ள ஒரு சிறிய அச்சகத்தில் விண்வெளிச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் இப்போது ஆட்கள் சிரிக்கிறார்கள். அந்த நேரம் ஊரில் அதைவிடப் பாதுகாப்பான வேலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அச்சகம் ஒரு அக்காவுடையது. அவருடைய கணவர் தொடங்கியது. அந்த மனிதர் ஒரு காலையில் அச்சு மை வாங்கச் சந்தைப் பக்கம் போனார், திரும்பி வரவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் ஆமி வாகனம் என்றார். மற்றவர் போராளி இயக்கப் பொடியன்மாரின் வான் என்றார். அக்கா ஆமி முகாமில் போய்க் கேட்டார். வாவிக்கு அக்கரையில், இயக்கத்திடம் கேட்கச் சொன்னார்கள். அக்கரையில் கேட்டார். முகாமில் கேட்கச் சொன்னார்கள். இப்படிச் சில தடவை போய்வந்த பிறகு, அக்கா அச்சகத்தைத் திறந்து கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடிக்கத் தொடங்கினார்.

நகரமும் கடலோரமும் ஆமியிடம் இருந்தன. வாவிக்கு மேற்கே, படுவான்கரை முழுக்க இயக்கத்திடம் இருந்தது. இரண்டு பக்கமும் வேறு வேறு சட்டம், வேறு வேறு நீதிமன்றம். அரசாங்கம் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்த பிறகு, நேரமும் வேறு வேறாகிவிட்டது. அக்கரையில் பழைய நேரம், இக்கரையில் புதிய நேரம்.

மாணவர்களுக்கு ஒரு பொது அறிவுச் சஞ்சிகை போடவேண்டும் என்பது கணவரின் பழைய எண்ணம். அதை அக்கா கையிலெடுத்தபோதுதான் நான் வந்து சேர்ந்தேன். கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் பாலத்தடிக்கு வந்து, இறங்கி உருட்டிக்கொண்டு ஆமிச் சோதனையைக் கடந்து, நகரத்துக்குப் போவேன்.

முதல் இதழுக்கு நெல்லைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டு, "விளைச்சலெண்டு எழுதினா வரி ஆருக்குக் கட்டுற எண்டு கேப்பாங்க. வேண்டாம்" என்றார். வாவி மீன்களைப் பற்றி எழுதினேன். "எந்த நேரம் தோணி விடலாம் எண்டு ஊருக்கே சொல்லிக் குடுக்கிறயா?" என்றார். சரித்திரம் எழுதட்டுமா என்று கேட்டேன். கடைசியில் அக்கா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு, "மேல போ புள்ள. இஞ்சத்த ஆக்கள் ஆரும் போகாத இடத்துக்குப் போ" என்றார்.

நூலகத்தில் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள் கிடந்தன. அவற்றிலிருந்து மொழிபெயர்த்தேன். சந்திரனிலிருந்து திரும்பி வந்தவர்கள் சுங்கப் படிவத்தில் கையெழுத்து வைத்ததையும், கொண்டுவந்த பொருட்கள் என்ற இடத்தில் சந்திரக் கல், சந்திரத் தூசி என்று எழுதிக் கொடுத்ததையும் போட்டோம். வாசகர் ஒருவர் அச்சகத்துக்கே வந்து, கல்லை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்துப் பார்த்தார்களா, அப்படியே விட்டார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். பிறகு, பல நாடுகள் சேர்ந்து கட்டும் விண்வெளி நிலையத்தில் ஒவ்வொரு அறையும் அதை அனுப்பிய நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, ஒரு கதவைத் தாண்டி மிதந்து போனால் வேறு நாட்டுச் சட்டம் வந்துவிடும் என்று எழுதினேன். வாசகர்கள் ஆச்சரியப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அங்கே போய்வரப் பாஸ் யார் கொடுப்பது என்று மட்டும் கேட்டார்கள்.

நாலாவது இதழில்தான் சிக்கல் வந்தது. சோவியத் விண்வெளி வீரர் ஒருவர் மேலே நிலையத்தில் இருக்கும்போது கீழே அவருடைய நாடு பல நாடுகளாகப் பிரிந்துவிட்டது. அவரை ஏவிய தளம் வேறொரு நாட்டுக்குள் போய்விட்டது. அவருடைய ஊரின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அவர் நினைத்ததைவிட நெடுநாள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, பத்திரமாக இறங்கினார். 'இல்லாமற்போன நாட்டின் குடிமகன்' என்று தலைப்புப் போட்டேன்.

இதழ் வெளிவந்த கிழமையே முகாமிலிருந்து ஆள் வந்தது. அக்காவும் நானும் போனோம். அதிகாரி நடுத்தர வயதுக்காரர், மரியாதையானவர், ஆங்கிலத்தில் பேசினார். எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, தமிழ் தெரிந்த யாரோ ஓரத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்த சஞ்சிகையை விரித்தார்.

"எந்த நாடு இல்லாமற் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் அக்காவுக்குச் சொன்னேன். "றஷ்யா எண்டு சொல்லு" என்றார் அக்கா. சொன்னேன். அதிகாரி வேறு ஒரு பக்கத்தைப் புரட்டினார். தரையிறங்கும்போது காட்டுமிருகங்கள் வந்தால் சுடுவதற்காக அந்த வீரர்களின் விண்ணோடத்தில் ஒரு துப்பாக்கி வைத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தேன். அது என்ன வகைத் துப்பாக்கி என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் உண்மையாகவே ஏமாற்றமடைந்தது முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு, சிவப்பு மையால் கோடிட்ட ஒரு வசனத்தைக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்றார். வாசித்தேன். 'அவரை இறக்கித் தரும்படி யாரிடம் போய்க் கேட்பதென்று அவர் மனைவிக்குத் தெரியவில்லை.' நான் மொழிபெயர்த்ததில் அப்படி ஒரு வசனம் இல்லை. அக்காவைப் பார்த்தேன்.

"அது அச்சுக் கோக்கக்குள்ள நான் சேத்தது" என்றார் அக்கா. "கடைசியில ஒரு வரிக்கு இடம் கிடந்த."

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அக்கா கதிரையை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்களக் கூப்பிட்டது நல்லதாப் போச்சு எண்டு சொல்லு. இவ்வளவு நாளும் நான்தான் வந்து வாசல்ல நிண்ட. உள்ளுக்க விடல்ல. இண்டைக்குக் கதிரை தந்திருக்காங்க. எண்ட மனிசன் எங்க எண்டு கேளு."

ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு அந்த ஒரு கேள்வியைச் சொல்லி முடிக்க வசனம் இரண்டு தடவை உடைந்தது. அதிகாரி கேட்டுக்கொண்டார். அது, தான் இந்த முகாமுக்கு வருவதற்கு முன் நடந்தது என்றார். அக்கரையில் கேட்டுப் பார்த்தீர்களா என்றும் கேட்டார். பிறகு இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டு வந்தோம்.

அடுத்த கிழமை அக்கரையிலிருந்தும் அழைப்பு வந்தது. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எந்தப் பத்து மணி என்று தெரியாமல் புதிய நேரத்துக்கே போனோம். மண்முனைத்துறையில் 'பாதை' ஏறினோம். சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு அதுதான் பெயர். நடுவில் காற்று எழும்பி, தண்ணீர் பலகைக்கு மேலே வந்து காலை நனைத்தது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பயமா அக்கா என்று கேட்டேன். "சாறி நனையுது" என்றார்.

அக்கரையில் அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்களைக் கூப்பிட்டவர் இளைஞர், என்னைவிட வயது குறைவாக இருக்கும். ஒரு மரத்தடியில் மேசை போட்டிருந்தார். அவரிடமும் அதே இதழ் இருந்தது.

"நாடு பிரிஞ்சா மேல நிக்கிறவன் கதி அதோகதி எண்டு சொல்ல வாறீங்களா அக்கா?"

"தம்பி, அவன் இறங்கிட்டான். கடைசிப் பந்தியப் படிக்கல்லையா?"

"படிச்சன். ஆனா நிறைய நாள் நிண்டிருக்கானே."

"அது பிரிஞ்சதால இல்ல தம்பி. கூட்டி வாறதுக்கு ஆருமில்லாததால."

இளைஞர் இதழைப் புரட்டினார். அவருடைய இதழிலும் அந்த வசனத்தின் கீழ் கோடு இருந்தது, நீல மையில். அவர் அதைக் கேட்பதற்கு முன்பே அக்கா தொடங்கிவிட்டார். இம்முறை மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சந்தை, மை, வாகனம், கண்டதாகச் சொன்ன இரண்டு பேர், எல்லாவற்றையும் மளிகைச் சாமான் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். இளைஞர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். விசாரிப்பதாகச் சொன்னார். முகாமில் கேட்டீர்களா என்றார்.

"போன கிழமதான் கேட்ட" என்றார் அக்கா. "அவங்க உங்களக் கேக்கச் சொன்ன."

இளைஞர் பேனையை மூடினார். இனி இப்படியான தலைப்புகள் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்து துறையில் இறங்கியதும் அக்கா அழுவார் என்று நினைத்தேன். "புள்ள, மேல இருந்து விழுந்தவன ஆர் திருப்பிக் குடுக்கணும் எண்டு சட்டம் ஏதும் கிடக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. விண்வெளி வீரர்கள் மனித குலத்தின் தூதர்கள் என்றும், அவர்கள் தவறி எந்த நாட்டில் விழுந்தாலும் அந்த நாடு அவர்களைக் காப்பாற்றி, தாமதமில்லாமல், பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் நாடுகள் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. நான் அதைப் பத்துப் பன்னிரண்டு வரியில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அக்கா அதை முதற்பக்கத்தில், மரண அறிவித்தலுக்குப் பாவிக்கும் பெரிய எழுத்தில் அச்சுக் கோத்தார். ஒரு வரியும் சேர்க்கவில்லை. தலைப்பும் போடவில்லை, வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா. முகாமுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கரைக்கும் ஒன்று அனுப்பினார்.

அந்த மாதம் முழுக்க, கூப்பிட்டால் உடனே போகலாம் என்று, அவர் நல்ல சாறி உடுத்து அச்சகத்துக்கு வந்தார். வாசலில் சைக்கிள் நின்றால் எட்டிப் பார்ப்பார். யாரும் கூப்பிடவில்லை. இரண்டு பக்கமும் அந்த இதழில் ஆட்சேபிக்க ஒன்றும் காணவில்லை போலிருக்கிறது.

அதன் பிறகு சில இதழ்கள்தான் வந்தன. கொழும்பு வீதி மூடப்பட்டு, அங்கிருந்து பேப்பர் வராமல் போனபோது சஞ்சிகையை நிறுத்தினோம். விற்காமல் கிடந்த பிரதிகளை அக்கா கலியாணக் கார்டுக் கட்டுகளைச் சுற்றிக் கொடுக்கப் பாவித்தார். சுற்றும்போது பெரிய எழுத்துள்ள பக்கம் வெளியில் தெரியும்படி மடிப்பார்.