ஆறு மணிக்கு மூடப்படும் கதவு

"தாமதத்துக்கு நியாயமான காரணம் என்று ஒன்று இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும்."

மொழிப்பள்ளியின் ஆண்டு விழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷ் வாத்தியார் இப்படி முழங்கியபோது அரங்கமே கைதட்டியது. விழா முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியிருந்ததால், விழாவை நடத்தியவர்கள் உட்கார்ந்திருந்த முன்வரிசை மட்டும் கொஞ்சம் அடக்கமாகத் தட்டியது.

வாத்தியாருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஸ்பானிஷ் பேசும் நாடு எதையும் அவர் மிதித்ததில்லை. மிதித்துவிட்டு வந்தவர்களைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, இரண்டாம் மாடியில், வேலை முடித்து அலுத்து வரும் பதினான்கு பெரியவர்களுக்கு அவர் ஸ்பானிஷ் கற்பிப்பதாக ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் அவர் கற்பித்தது விதிகளை. முதல் நாள் ஒவ்வொருவர் கையிலும் மூன்று பக்கத் தாள் ஒன்று விழும். அதில் முப்பத்தொரு விதிகள். பேனா நீல மையாக இருக்க வேண்டும். கொட்டாவி வந்தால் கையால் மறைத்து, ஸ்பானிஷில் மன்னிப்புக் கேட்க வேண்டும். வாசலைத் தாண்டிய பிறகு தாய்மொழியில் பேசினால் அது யார் காதிலும் விழாது. பாடப்புத்தகத்தின் எட்டாம் பக்கத்தை எட்டுவதற்குள் விதிகளை வரி பிசகாமல் ஒப்பிக்கும் அளவுக்கு மாணவர்கள் தேறியிருந்தார்கள்.

வீட்டில் மட்டும் இந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை.

"பாஷை சொல்லிக் குடுக்கறீங்களா, ஜெயில் நடத்தறீங்களா?" என்பார் மனைவி.

"ஒழுங்கு வந்தாத்தான் பேச்சு வரும்."

"நமக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷமாச்சு. ஒழுங்கெல்லாம் வந்துருச்சு. பேச்சு எங்க வந்துச்சு?"

வாத்தியார் மணியைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

விதிகளில் அவருடைய செல்லப்பிள்ளை நான்காவது. ஆறு மணிக்குக் கதவு உட்பக்கம் தாழிடப்படும், தட்டினால் திறக்கப்படாது. பிந்தி வந்தவர் வெளியே முக்காலியில் உள்ள நோட்டில் பெயரையும் காரணத்தையும் ஸ்பானிஷில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். காரணம் ஏற்கப்பட்டதா என்று கடைசிக் கட்டத்தில் வாத்தியார் எழுதுவார். இதுவரை நிரம்பிய பதினோரு பக்கங்களிலும் அவர் எழுதியிருந்தது ஒரே சொல்: 'நோ'. மழை என்று எழுதியவருக்கு, மேகம் முன்கூட்டியே தெரிந்திருக்குமே என்று நோ. மனைவிக்குப் பிரசவம் என்று எழுதியவருக்கு, பத்து மாத அவகாசம் இருந்ததே என்று நோ. மூன்று நோ சேர்ந்தால் தேர்வுப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

இரண்டு நோவோடு நின்றிருந்தவர் ஒரு நர்ஸ். ஸ்பானிஷ் பேசும் நாடொன்றின் மருத்துவமனை அவருக்கு வேலை தரத் தயாராக இருந்தது. இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பட்டியலை வாத்தியார் கையெழுத்திட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய நாளும் வந்தது. அன்று மாலை எட்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். மடித்த பட்டியல், நர்ஸின் பெயரோடு, வாத்தியாரின் சட்டைப்பையில் இருந்தது.

ஐந்தரைக்கே அவர் பள்ளிக்கு வந்துவிட்டார். நான்காம் விதியை இன்னும் இறுக்கி எழுதியிருந்ததால் அதைப் பிரதி எடுக்கக் கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனார். எட்டாவது பிரதியில் இயந்திரம் விக்கியது. பிறகு மூலத்தாளைக் கவ்விக்கொண்டு மௌனமாகிவிட்டது.

"இழுக்காதீங்க சார், கிழிஞ்சிரும்," என்றாள் கடைக்காரப் பெண். "கொஞ்சம் சூடு தணியட்டும். நான் கழட்டி எடுத்துத் தர்றேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது என்கிட்ட சொல்லிட்டா மாட்டுச்சு?"

"ஆறு மணிக்கு எனக்குக் கிளாஸ் இருக்கும்மா!"

"அப்ப போயிட்டு அப்புறமா வாங்க."

போகலாம்தான். ஆனால் ஒரு வாரம் கண்விழித்துத் திருத்திய கையெழுத்துப் பிரதியை அந்த இயந்திரத்தின் வாயில் விட்டுவிட்டு எப்படிப் போவது? பெண் திருப்புளியால் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்க, வாத்தியார் நின்றார். தாமதத்துக்கு எதிரான புதிய சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு அவர் மாடி ஏறியபோது மணி ஆறு ஐந்து.

கதவு மூடியிருந்தது.

வகுப்புத் தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர். ஆறு என்றால் ஆறுக்கே தாழிடுபவர். வாத்தியார் தட்டினார். உள்ளே எல்லோரும் வினைச்சொற்களை ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி தட்டினார். கதவின் கண்ணாடிச் சதுரத்தில் தபால்காரரின் முகம் தோன்றியது. அவர் தன் விதித்தாளைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து, நான்காவது வரியில் விரலை வைத்தார்.

"நான்தாங்க! கதவத் திறங்க!"

தாய்மொழி என்பதால் தபால்காரருக்குக் காது கேட்கவில்லை. அனுதாபத்தோடு தலையை மட்டும் ஆட்டினார்.

வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புயேதோ எந்த்ரார்?" என்றார். உள்ளே வரலாமா என்று பொருள். அவரே நூறு முறை சொல்லிக்கொடுத்த வாக்கியம்.

"நோ," என்றார் தபால்காரர், பிசகில்லாத உச்சரிப்பில். கற்பித்த பத்தொன்பது ஆண்டுகளில் இவ்வளவு முழுமையாகப் பாடம் கற்ற மாணவனை வாத்தியார் பார்த்ததில்லை. பெருமைப்படத்தான் வேண்டும். அவருக்குக் காது மடல் சுட்டது.

அப்போது மாடிப்படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. நர்ஸ். வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் மூச்சிரைக்க வந்தவர், வாத்தியாரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னைப் பிடிக்கன்னு வெளியவே வந்து நிக்கறீங்களா சார்?"

வாத்தியார் ஆமென்று சொல்லியிருக்கலாம். நல்ல வாய்ப்பு. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தபால்காரர் இன்னும் நான்காவது வரியில் விரலை வைத்திருந்தார். நர்ஸ் விரலைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், அவர் கையில் இருந்த கசங்கிய தாளைப் பார்த்தார். சிரித்திருந்தால் கோபித்துக்கொள்ளலாம். அவர் சிரிக்கவில்லை.

"இன்னிக்கோட எனக்கு மூணு ஆயிருச்சு, இல்லையா சார்?"

"ம்."

"அடுத்த ஷிஃப்ட் ஆளு வரல. ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். நான் பாட்டுக்கு விட்டுட்டு வந்துர முடியுமா சொல்லுங்க? போன ரெண்டு தடவையும் இதே கதைதான். எழுதியும் இருக்கேன். நீங்க படிச்சிருப்பீங்க."

வாத்தியார் படித்திருந்தார். இலக்கணப் பிழை இருக்கிறதா என்று.

நர்ஸ் குனிந்து முக்காலியிலிருந்த நோட்டைத் திறந்து, பெயரையும் காரணத்தையும் எழுதினார். கண் கலங்கியிருந்தது, எழுத்து நேராகத்தான் இருந்தது. பிறகு பேனாவை இரு கையாலும் வாத்தியாரிடம் நீட்டினார்.

"நீங்களும் எழுதணும்ல சார்?"

குரலில் குத்தல் இல்லை. நன்றாகப் பழக்கப்பட்ட மாணவி, அவ்வளவுதான்.

வாத்தியார் பேனாவை வாங்கினார். மனதுக்குள் சில கம்பீரமான காரணங்களைப் புரட்டிப் பார்த்தார். எதுவும் தேறவில்லை. கடைசியில் உள்ளதையே ஸ்பானிஷில் எழுதினார்: ஜெராக்ஸ் இயந்திரம் என் தாளை விடவில்லை, அதை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. எழுதிவிட்டு மேலே பார்த்தார். ஒரு வரி மேலே, நர்ஸின் காரணத்தில், தாளுக்குப் பதில் ஒரு நோயாளி.

கடைசிக் கட்டங்கள் இரண்டு காலியாக இருந்தன. உள்ளே தபால்காரர் தலைமையில் இறந்தகாலம் முடிந்து எதிர்காலம் தொடங்கியிருந்தது. வாத்தியார் நர்ஸின் வரியில் 'ஸி' என்று எழுதினார். ஆம் என்பதற்கான அந்தச் சின்னச் சொல்லை எழுதிப் பழக்கமில்லாததால் எழுத்து கோணியது. தன் வரியை அப்படியே விட்டார். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, நர்ஸின் பெயர் இருந்த இரண்டு பக்கங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் நோவை அடித்துவிட்டு, அதன்மேல் இன்னொரு 'ஸி' போட்டார்.