கூடை கூடையாய் வெள்ளைச் சாமந்தி

ஷாம் சுய் போ கடைத்தெருவில் பாம்பு சூப் என்றால் குவாயிங்தான். இதை அவளே சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். ஹாங்காங்கில் வந்து இறங்கியபோது அவளிடம் இருந்தது ஒரு துணி மூட்டை. பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. ஆனால் புருஷன் பாக்ஹோய் தொடத் தயங்குகிற நாகத்தை, பாம்புகளை அடைத்துவைக்கும் மர இழுப்பறையிலிருந்து ஒற்றைக் கையால் உருவி, பேச்சை நிறுத்தாமலே தோலை உரித்துப் போட்டுவிடுவாள். கடிபட்டு மடங்காமல் போன விரல் ஒன்று உண்டு. அதைப் பதக்கம் மாதிரி நீட்டிக் காட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு எதிர்ச்சாரிக் கடையைப் பார்த்தால் வயிறு எரியும்.

அந்தக் கடைக்காரன் தாம் சுங், பாக்ஹோயோடு ஒரே ஆசானிடம் தொழில் படித்தவன். இவளை அண்ணி என்பான். குளிர்காற்று கிளம்பிப் பாம்பு கொழுக்கிற மாதங்களில் அவன் கடையில் பெஞ்சு போதாமல் நின்றுகொண்டே குடிப்பார்கள். குவாயிங்கின் பெஞ்சில் பூனை தூங்கும். அதே பாம்பு, அதே கோழி, அதே காளான். எலும்பைக் கரும்புத் துண்டோடு கொதிக்கவிடுவதும் அதே ஆசான் முறை. அப்புறம் என்னதான் போடுகிறான் படுபாவி? உப்புப் போட்ட பன்றித் தொடை என்று ஒருவன் சொன்னான், இவளும் போட்டாள். காய்ந்த சிப்பி என்றான் இன்னொருவன், அதையும் போட்டாள். பழைய ஆரஞ்சுத் தோலை இரட்டிப்பாக்கினாள். அவன் கடைச் சூப்பை ஒரு வாய் வாங்கிக் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவன் படியை மிதிப்பதா? அதற்கு நாகத்திடமே இன்னொரு கடி வாங்கலாம்.

அந்த வருஷம் கறிக்கடைக்காரர் சங்கத்தின் குளிர்காலப் பண்டிகை விருந்துக்கு யார் சூப் என்று முடிவாகவில்லை. சங்கத் தலைவர் ஃபோக் இரண்டு கடையிலும் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். போன வருஷம் தாம் சுங் கடையிலிருந்து போனது. இந்த வருஷமும் போனால் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது?

ஃபோக் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின இரவு, படுக்கையில் புரண்டவளுக்கு யோசனை வந்தது. பாம்பு சூப்பின் மேலே வெள்ளைச் சாமந்தி இதழ் தூவாவிட்டால் எவன் மதிப்பான்? விடியுமுன்னே பூச்சந்தைக்குப் போய், இருந்த வெள்ளைச் சாமந்தி அத்தனையையும் வளைத்துப் போட்டாள்.

"எல்லாமேவா அக்கா?" பூக்காரன் குரலைத் தாழ்த்தினான். "மனசைத் தேத்திக்கங்க."

இருந்த குஷியில் அது அவள் காதில் ஏறவில்லை.

கடைக்குள் பாம்புப் பெட்டி போக இடமில்லை. கூடைகளை வாசலில் அடுக்கினாள். கதவைப் பாதி இறக்கிவிட்டு, முடி விழாமல் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு இதழ் பிய்க்க உட்கார்ந்தாள். மூலிகைத் தேநீர்க் கடைக்காரி எட்டிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஃபோக் வந்தார். தொப்பியைக் கழற்றினார். கூடைகளை நோக்கி மூன்று முறை குனிந்து வணங்கினார். உள்ளே வராமலே எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார்.

'கிழத்துக்கு என்ன கேடு?' என்று இவள் எழுந்திருக்கையில், துணி சுற்றிய சட்டியோடு தாம் சுங் வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, அண்ணன் முகத்தை ஒரு தடவை பாத்துக்கிறேன்."

"எங்கேருந்து பாப்பே? அவரு கடல் தாண்டி மக்காவ் ஊர்ல, அவரு அக்கா வீட்டுல வறுத்த வாத்து தின்னுக்கிட்டிருக்காரு."

"உசுரோடவா?"

"வாயைக் கழுவுடா!"

"அப்ப இந்தப் பூவெல்லாம் யாருக்கு? சாவு வீட்டு வாசல் மாதிரி அடுக்கி, தலையில வெள்ளைத் துணியும் கட்டிக்கிட்டு... ஏன் அண்ணி, காலையிலேருந்து சந்தையெல்லாம் அலைஞ்சேன், எனக்கு ஒரு பூக்கூட..." கூடைகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"பல்லைக் காட்டாதே. ஃபோக் என்ன சொன்னாரு?"

"பண்டிகை நாள்ல துக்க வீட்டுச் சாப்பாடு ஆகாதாம். ருசிகூடப் பாக்கல. விருந்து எனக்குன்னுட்டாரு."

குவாயிங்கின் முகம் இழுப்பறை நாகத்தின் முகம் மாதிரி ஆயிற்று. தன் காசில் பூ வாங்கி, தன் கையால் அடுக்கி, விருந்தை அவன் வீட்டுக்கே அனுப்பிவைத்தாயிற்று.

"சட்டியில என்ன?"

"சூப்பு. சாவு வீட்டுல அடுப்பு எரியாதேன்னு கொண்டாந்தேன். யாரும் சாகலை, எடுத்துட்டுப் போறேன்."

"வெச்சிட்டுப் போ."

"அப்ப ரெண்டு கூடை பூ குடுங்க. விருந்துக்கு வேணும்."

"என்ன போடுறேன்னு சொல்லு. தர்றேன்."

"ஆசான் சொன்னதுதான் அண்ணி. உங்க சட்டியில தொடையும் சிப்பியும் மணக்குது. பாம்பு எங்கேன்னு தேட வேண்டியிருக்கு."

"புளுகாதே!"

அவன் இரண்டு கூடைகளைத் தூக்கிக்கொண்டான். பூவுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டு போனது.

குவாயிங் கதவை முழுக்க இறக்கினாள். சட்டியைத் திறந்து, குறை கண்டுபிடிக்கவென்றே ஒரு கரண்டி குடித்தாள். இன்னொரு கரண்டி. கரும்பின் இனிப்பு தெரிந்தது, பாம்பு தெரிந்தது. குறை தெரியவில்லை. சட்டியைத் தூக்கிச் சாய்த்து அடிவரை உறிஞ்சினாள்.

"தூ! பூ போடாம ஒரு சூப்பு," என்று பூனையிடம் சொல்லிவிட்டு, சட்டியின் ஓரத்தை விரலால் வழித்தாள்.