முதுகில் ஒரு சிவப்பு அம்பு

போன ஞாயிறு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வாசகர் கூட்டம். அறுபதுகளின் நடுவில் மேலைநாட்டு இளசுகள் ஊர் வழக்கத்தையெல்லாம் தூக்கிப் போட்டார்களே... அவர்களுடைய ஓவியம், சினிமா, எழுத்து, உடை பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

சும்மா போவேனா? வெள்ளை டீ-ஷர்ட் ஒன்றை ரப்பர் பேண்டால் முடிச்சு முடிச்சாகக் கட்டி, மூன்று சாயத்தில் முக்கி, அந்தக் காலத்து ஸ்டைலில் நானே தயார் செய்தேன்.

பேச்சைக் கேட்க அம்மா வெள்ளகோவிலிலிருந்து காலை பஸ்ஸிலேயே என் ரூமுக்கு வந்துவிட்டார். நான் மேடையில் பேசி அவர் கேட்டதே இல்லை. பயமே அதுதான். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. குறை தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். குறை இல்லையா? பேசாமல் அடுத்த பீஸ். வீட்டிலும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலேஜ் மெடலைக் காட்டியபோதுகூட, "ரிப்பன் பிரிஞ்சிருக்குது பாரு" என்றவர்!

குளித்துவிட்டு வருகிறேன் — டீ-ஷர்ட் முழுக்க அம்புகள். ஸ்டிக்கர் தாளைக் கைப்பையிலேயே கொண்டுவந்திருக்கிறார்!

"ஏங்கண்ணு, எவன் இதை உன்ர தலையில கட்டுனான்? கை ரெண்டும் வேற வேற ஷேடு!"

"அதாம்மா ஸ்டைலே!"

"நாங்களுந்தான் இந்த டிசைனை எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பறோம். நூறு பீசும் ஒரே மாதிரி இருக்கோணும்."

பார்த்தீர்களா? யாரைப் போலவும் இருக்க மாட்டோம் என்றவர்களின் சட்டை, இப்போது நூறும் ஒரே மாதிரி!

ஸ்டிக்கர்களைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

முதலும் முடிவும் இடம் மாறிய சினிமா, காபிக்கடையில் எழுந்து நின்று வாசித்த கவிதை, விளம்பரப் படத்தையே பெரிதாக வரைந்து மாட்டிய ஓவியம்... பேச்சு நன்றாகவே போனது. முடிவில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க அம்மணி, போர்டுல எழுதத் திரும்பினப்ப பார்த்தேன். முதுகுல ஒரு சிவப்பு அம்பு... அதும் அந்தக் காலத்து ஓவியப் பாணிங்களா?"

ஒன்று தப்பிவிட்டிருக்கிறது! ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஆனால் கடைசி வரிசையில் அம்மா.

"இல்லைங்க. எங்கம்மா ஒட்டினது. டேமேஜ்னு அர்த்தம்."

கூடமே சிரித்தது. அம்மா எழுந்தே விட்டார். "சாயம் ஒரே பக்கமா எறங்கியிருக்குதுங்க. என்ர டேபிளுக்கு வந்தா பாஸ் ஆகாதுங்க!"

எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல்.

பஸ் ஸ்டாப்பில் மெதுவாகக் கேட்டேன். "பேச்சு எப்படிம்மா?"

அம்மா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டிக்கர் ஒட்ட எடமே கெடைக்கல கண்ணு."

டீ-ஷர்ட் மட்டும் இன்னும் ரிஜெக்ட்தான்!